உப்பு அரித்த பிறேக் லைன்

வேகமாக ஓடும் காரை ஆசைப்பட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் கராஜுக்கு வந்தால் முதலில் பொனற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்கள். பிறகு ரிம், சைலன்சர், ஸ்பிரிங், சீற். காரின் அடிப்பக்கமாக ஓடும் பிறேக் லைனைப் பற்றித் தாங்களாகப் பேச்செடுப்பவர்கள் மிகக் குறைவு. அது 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள ஓர் உருக்குக் குழாய். சுவரின் தடிப்பு 0.7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ரயருக்குள் 35 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் போதும் என்கிறோம். நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்த, நாம் பெடலை முழுப்பலத்தோடு மிதிக்கும்போது இந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிப் போகும். பிறேக் ஆகத் தேவைப்படும் நேரத்தில்தான் குழாய்க்குள் அழுத்தமும் ஆகக் கூடுகிறது. அரித்துப்போன குழாய் வெடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் கார் திருத்திப் பிழைக்கும் எனக்கு இந்தப் பயம் இன்னும் போகவில்லை. போகவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

இங்கே குளிர்காலத்தில் வீதி வெளுத்துக் கிடப்பதற்கு ஸ்னோ மட்டும் காரணமல்ல. ஸ்னோ கொட்டப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததுமே லொறிகள் ஓடித்திரிந்து 23 சதவீத உப்புக் கரைசலைத் தார் வீதியில் கோடு கோடாக ஊற்றிவிடும். கொட்டிய பிறகு கல்லுப்பு. சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது என்பதால், கடுங்குளிரில் கல்சியம் குளோரைட்டோ மக்னீசியம் குளோரைட்டோ சேர்ப்பார்கள். இவை இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை. வீதி காய்ந்தாலும் காரின் அடி காயாது. குழாயின் மேற்பூச்சில் எங்கேயாவது ஒரு கீறல் இருந்தால் அதன் வழியே குளோரைட் உருக்கைத் தொட்டுவிடும். குளிரில் துரு மெதுவாகப் பிடிக்கும், வெப்பம் கூடக்கூட வேகமாகப் பிடிக்கும். உப்பும் சேறுமாக வந்த காரை வெப்பமூட்டிய கராஜுக்குள் இரவிரவாகப் பூட்டி வைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். காரின் அடிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நனைந்த காரை வெளியே குளிரில் விட்டாலே குறைவாகத் துருப்பிடிக்கும்.

பழைய வேகக் கார்களுக்கு இந்த ஊரில் ஒரு தலைவிதி உண்டு. முதல் சொந்தக்காரர் அதைக் கோடையில் மட்டும் எடுப்பார், குளிர்காலத்தில் மூடிப்போட்டு வைப்பார். இரண்டாமவரும் ஓரளவுக்கு அப்படித்தான். கார் பதினைந்து வயதைத் தாண்டி விலை இறங்கும்போது, படிப்பு முடித்து வேலைக்குப் போன ஒரு பிள்ளை தன் கனவுக் கார் கைக்கெட்டும் விலையில் வந்துவிட்டதென்று வாங்குவான். அவனுக்கு வேறு கார் இல்லை. வின்ரர் ரயரைப் போட்டுக்கொண்டு ஜனவரியிலும் 401 நெடுஞ்சாலையில் ஓடுவான். அத்தனை காலமும் உப்புப் படாமல் இருந்த குழாய்கள் மூன்று நான்கு குளிர்காலத்தில் அடிவாங்கிவிடும்.

ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக் கார்களுக்கு வருடாந்தச் சோதனை கிடையாது. கார் கைமாறி, வாங்கியவர் தன் பெயரில் தகடு எடுக்கப் போகும்போதுதான் ‘சேஃப்டி’ என்று நாம் எல்லோரும் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தத் தாள் 36 நாட்களுக்குச் செல்லும். கார் பன்னிரண்டு வருடம் ஒருவர் கையிலேயே இருந்தால், பன்னிரண்டு வருடமும் அதன் அடியை யாரும் சட்டப்படி பார்க்க வேண்டியதில்லை. ஒயில் மாற்றும்போது யாராவது தலையை நிமிர்த்திப் பார்த்தால்தான் உண்டு.

அப்படி நிமிர்ந்து பார்த்த ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூவின் ஈ46 எம்3. இங்கே 2001 முதல் 2006 வரை விற்பனைக்கு வந்த வகை. 3.2 லீற்றர், ஆறு சிலிண்டர், 333 குதிரைவலு. ரேபோ இல்லாமலே 8000 ஆர்.பி.எம். வரைக்கும் பாடிக்கொண்டு போகும். எனக்கு அந்த எஞ்சினில் அளவற்ற மதிப்பு. ஓட்டிவந்த தம்பி காரைத் துடைத்து வைத்திருந்த விதத்திலேயே அவனுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது.

“அண்ணை, பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரிக் கிடக்கு. எயார் ஏறியிருக்கும் போல. பிளீட் பண்ணிவிட்டாச் சரிதானே?”

“பொறுங்கோ தம்பி, முதல்ல ஹொயிஸ்ற்றில ஏத்திப் பாப்பம்.”

மூடிய சுற்றுக்குள் எயார் தானாக ஏறாது. எயார் போயிருந்தால் எங்கோ ஓர் இடத்தில் எண்ணெய் வெளியே வந்திருக்க வேண்டும். பிறேக் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தது. நான்கு சில்லுகளின் உட்புறமும் காய்ந்திருந்தது. காரின் தரைக்குக் கீழே நீளமாக மாட்டியிருக்கும் பிளாஸ்ரிக் மூடிகளைக் கழற்றினேன். உள்ளே இருந்து ஈரமண்ணும் இலைச் சருகும் உப்புப் பொருக்கும் கையளவு கையளவாக விழுந்தன.

மூடி கல்லடியைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் அதற்குள் போன மண் வெளியே வராது. குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கிளிப்பும் அப்படித்தான். கார் அதிர அதிர கிளிப் பூச்சைத் தேய்க்கும், தேய்ந்த இடத்தில் உப்புநீரைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். திறந்த காற்றில் ஓடும் பகுதி மங்கலாகப் பழுத்திருந்தாலும் பலமாக இருக்கும், கிளிப்புக்குள் மறைந்த இரண்டு சென்ரிமீற்றர் இற்றுப்போயிருக்கும். ஆகவே ரோர்ச் அடித்து வெளிப்படையாகத் தெரியும் நீளத்தைப் பார்த்துவிட்டு “லைன் பரவாயில்லை” என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. கிளிப்பைத் திறக்க வேண்டும். சந்தேகமான இடத்தை ஸ்குறூடிறைவர் நுனியால் மெல்லச் சுரண்ட வேண்டும். மேல்துரு போய்ப் பளபளவென்று உலோகம் தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. வெங்காயத் தோல் மாதிரிப் படை படையாகக் கழன்று, குழாயின் சுற்றளவே குறைந்துகொண்டு போனால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த எம்3இல் பின்சில்லுகளுக்குப் போகும் இரண்டு லைன்களும் பெற்றோல் லைன்களோடு சேர்ந்து ஓடி, பின்சில்லுகளைத் தாங்கும் சட்டமான சப்ஃபிறேமுக்கு மேலாக ஏறிப் பிரிகின்றன. தரையின் கீழே கிளிப் கிளிப்பாகத் துரு. சப்ஃபிறேமுக்கு மேலே, கை நுழையாத இடுக்கில், துரு கறுத்து நனைந்திருந்தது. தண்ணீர் ஈரத்துக்கும் பிறேக் எண்ணெய் ஈரத்துக்கும் விரலில் வித்தியாசம் தெரியும். எண்ணெய் வழுவழுக்கும், காயாது, பக்கத்துப் பெயின்ரையும் உப்பவைத்து உரித்திருக்கும். தம்பியைக் கீழே கூப்பிட்டு ரோர்ச்சைக் கையில் கொடுத்தேன். அவன் நெடுநேரம் பார்த்தான்.

“இப்பிடியே எவ்வளவு காலம் ஓடியிருப்பன் அண்ணை?”

அதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. கசிவுக்கும் வெடிப்புக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கலாம், ஒரு மிதி இருக்கலாம். அமெரிக்காவில் 1968இலிருந்தே கார்களுக்கு இரட்டைப் பிறேக் சுற்றுக் கட்டாயம். இந்தக் காரில் முன்பக்கம் ஒரு சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று. பின்லைன் வெடித்தாலும் முன்பிறேக் பிடிக்கும். ஆனால் பெடல் தரையை நெருங்கிப் போய்விடும், நிற்கும் தூரம் நீண்டுவிடும். மணிக்கு 110 கிலோமீற்றரில் போகிறவருக்கு அந்த மேலதிகத் தூரத்தில் என்ன நிற்கிறதோ அதுதான் கணக்கு.

இந்தப் பிரச்சினை ஒரு கம்பனிக்கோ ஒரு மொடலுக்கோ உரியதல்ல. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 1999 முதல் 2003 வரையான பிக்கப்புகளின் பிறேக் லைன் துருவை நீண்டகாலம் ஆராய்ந்து, 2015இல் அந்த விசாரணையை மூடியது. உப்புப் போடும் மாநிலங்களில் ஏழெட்டு வருடம் ஓடிய எந்த வாகனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு, அடியைக் கழுவுங்கள், லைனைச் சோதியுங்கள் என்று அறிவுறுத்திவிட்டு மூடியது. மீள அழைத்து மாற்றிக் கொடுக்கும்படி உத்தரவிடவில்லை. எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. கழுவச் சொன்னால் கழுவக்கூடிய இடத்தில் குழாய் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காரின் நான்கு சில்லுகளிலும் எவர்சில்வர் பின்னலிட்ட பிறேக் ஹோஸ்கள் போட்டிருந்தன. நல்ல சாமான், விலை கூடியது, பெடலுக்கு உறுதி தரும். ஆனால் அது கடைசி முப்பது நாற்பது சென்ரிமீற்றர்தான். மிச்சம் எல்லாம் தொழிற்சாலையில் போட்ட பழைய உருக்குக் குழாய். இரண்டும் ஒரே அழுத்தத்தைத்தான் தாங்குகின்றன. காசை எங்கே முதலில் போடுவது என்று இளம்பிள்ளைகள் கேட்டால், கழற்றிப் பார்க்காத இடத்தில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஒட்டா, முழு மாற்றா என்ற கேள்வி. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கொம்பிரெஷன் இணைப்பைப் பிறேக் லைனில் போட்ட கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அது குற்றம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வருவதில்லை. வெறும் பிடியில் நிற்கும் இணைப்பு அந்த அழுத்தத்துக்குக் கழன்றுவிடும். இரு முனையையும் முறையாக விரித்து, அதாவது ஃபிளெயர் அடித்து, யூனியன் போட்டு இணைப்பது வேறு விடயம், அது பலமான இணைப்பு. பத்து வயதுக் கொறோலாவில் ஒரு சில்லுக்குப் பக்கத்தில் மட்டும் அரித்திருந்தால் நானும் அப்படிச் செய்வேன். ஆனால் ஒரே வயதுடைய குழாயில் ஓரிடம் ஓட்டையாகிவிட்டதென்றால் மற்ற கிளிப்புகளுக்குள்ளும் அதே கதைதான். அரித்த குழாயில் புதுத்துண்டு ஒட்டினால் அடுத்த ஓட்டை ஒட்டுக்குப் பக்கத்தில் வரும். சப்ஃபிறேமுக்கு மேலே இருக்கும் பகுதியை இறக்காமல், பழையதை அப்படியே விட்டு, தரைக்குக் கீழே வேறு வழியாகப் புதுக்குழாயை இழுத்துவிடும் பழக்கமும் உண்டு. சில்லு எறியும் கல்லுக்கும் ஜாக் வைக்கிறவர் கைக்கும் நேரே அதைக் கொண்டுவந்து நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். தொழிற்சாலை போட்ட பாதையில்தான் குழாய் போக வேண்டும். தம்பிக்குச் செலவைச் சொன்னேன். முகம் மாறியது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சப்ஃபிறேமை இறக்கியே செய்யுங்கள் என்றான்.

எதால் மாற்றுவது? நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின்களிலும் மொறிஸ்களிலும். பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோலே இல்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் எங்கே வரும்? கிடைத்த செப்புக் குழாயைக் கையால் வளைத்துப் போட்டோம். குழாய் நெளியாமல், முட்டை வடிவமாகாமல் பெருவிரலால் வளைக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான், இன்றும் உதவுகிறது. ஆனால் தனிச்செம்பு அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். இங்கே அதைத் தொடவே மாட்டேன். பூச்சிட்ட உருக்கு மலிவு, ஆனால் திரும்பவும் அதே வழிதான். எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் கடினம். ஃபிளெயர் சரியாக இருக்காவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

நான் போடுவது செப்பு நிக்கல் கலவை. பத்துச் சதவீதமளவு நிக்கல், கொஞ்சம் இரும்பும் மங்கனீசும், மிச்சம் செம்பு. கடல்நீர்க் குழாய்களுக்குப் பாவிக்கும் கலவை அது. வொல்வோ 1976இலேயே தன் கார்களில் இதைப் போடத் தொடங்கிவிட்டது, சுவீடன்காரருக்கும் வீதி உப்புத் தெரியும். கையால் வளையும், பிளவில்லாமல் ஃபிளெயர் எடுக்கும், அழுத்தத்துக்கு நிற்கும். மீற்றருக்குச் சில டொலர்தான் கூட. ஒரு காரைக் கழற்றிப் பூட்டும் கூலிக்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை. எல்லாக் கார்களும் தொழிற்சாலையிலிருந்தே இதோடு வராதது எனக்கு இன்னும் வருத்தம்.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். குழாய் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. ஆகவே நட்டுக்குப் பக்கத்திலேயே அதை வெட்டிவிட்டு, ஆறுபக்கச் சொக்கற்றை நட்டின் மேல் நேராக இறக்கினால் அரைவாசி நட்டுகள் மறுபேச்சில்லாமல் வரும். திறந்த ஸ்பனரைப் போட்டால் துருவேறிய நட்டின் மூலைகள் உருண்டுவிடும். வெட்டுவதற்கு முன் பெடலைக் கொஞ்சம் அழுத்தி ஒரு தடியால் முட்டுக்கொடுத்து வைப்பேன். அப்போது தொட்டியிலிருந்து எண்ணெய் கீழே இறங்காது, கார் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டி.எஸ்.சி. அலகுக்குள் எயார் போகாது. அந்த அலுமினியக் கட்டையில் நட்டு இறுகிப்போயிருந்தால் வெப்பம், ஊடுருவும் எண்ணெய், காத்திருப்பு, திரும்ப வெப்பம். பலத்தைக் காட்டினால் கட்டையின் மரை போய்விடும். பிறகு அந்த அலகின் விலை முழு வேலையின் விலையையும் தாண்டும்.

சப்ஃபிறேமை இறக்க சைலன்சர், புறொப்பெலர் தண்டு, பிறேக், பின்ஷொக் எல்லாம் கழற வேண்டும். ஆனால் ஈ46இல் அதைக் கழற்றியதற்கு வேறொரு பலனும் உண்டு. சப்ஃபிறேம் பூட்டியிருக்கும் இடங்களில் தரைத் தகடு வெடிப்பது இந்த வகைக் கார்களின் தெரிந்த நோய். இறக்கினால்தான் சரியாகப் பார்க்கலாம். இந்தக் காரில் ஒரு மூலையில் மயிர்க்கீறல் தொடங்கியிருந்தது. அதை வெல்டுபண்ணித் தகடு வைத்துப் பலப்படுத்தினோம். பிறேக் லைனுக்குச் சுருக்குவழி தேடியிருந்தால் அந்தக் கீறல் தெரியாமலே வளர்ந்திருக்கும்.

ஃபிளெயர் அடிக்கும் வேலையை நான் பழகுநரிடம் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்வேன். குழாயை வாளால் அறுக்கக்கூடாது, கட்டரால் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் வழித்து, தூள் உள்ளே விழாமல் ஊதி, நட்டை முதலில் கோர்த்துவிட்டுத்தான் கருவியில் வைக்க வேண்டும். ஐரோப்பியக் கார்களுக்குக் குமிழ் வடிவ முனை. ஜப்பான் கார்களுக்கு உட்புறம் மடித்த இரட்டை முனை. இரண்டு நட்டுக்கும் மரை ஒன்றுதான், 10 மில்லிமீற்றர், பிரி 1. அதனால் பிழையான முனையும் சந்தோசமாக ஏறி இறுகிவிடும், ஆனால் இருக்கை பொருந்தாது. அன்றைக்குக் கசியாமல் நின்றாலும் வெப்பமும் குளிரும் மாறி மாறி வரக் கசியத் தொடங்கும். ஒவ்வொரு முனையையும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். மையம் விலகியிருந்தால், விளிம்பில் ஒரு கோடு தெரிந்தால், வெட்டிவிட்டுத் திரும்ப அடிப்பேன். குழாயில் நாலு விரல் போகும், அவ்வளவுதான்.

கழற்றி எடுத்த பழைய லைனை மேசையில் கிடத்தி, வளைவுக்கு வளைவு அதைப் பார்த்தே புதியதை வளைத்தேன். பழைய கிளிப்புகளை எறிந்துவிட்டுப் புதியன பூட்டினேன். குழாய் வெறும் இரும்பில் எங்கேயும் உரசக்கூடாது. நட்டுகள் உருக்குத்தான், அவை துருப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் பூட்டி இறுக்கிய பின் வெளிப்புறம் முழுக்கக் கிறீஸ் பூசினேன்.

பிறகு டொட் 4 எண்ணெய். புதிதாக 230 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும் எண்ணெய், ஈரம் குடித்த பிறகு 155 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்து மிதித்துப் பிளீட் பண்ணுவதை நான் விரும்புவதில்லை. மாஸ்ரர் சிலிண்டருக்குள் சீல் வழக்கமாகப் போகாத பகுதியில் அழுக்கும் அரிப்பும் இருக்கும், அங்கே போன சீல் கிழியும். 2 பாருக்கு மேற்படாத அழுத்தத்தில் தொட்டிக்குள் எண்ணெயைத் தள்ளி, வலது பின்சில்லில் தொடங்கி, இடது பின், வலது முன், இடது முன் என்று வந்தேன். கணினியைக் கொழுவி டி.எஸ்.சி. பம்பை ஓடவிட்டு இன்னொரு சுற்று. எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை முழுப்பலத்தோடு மிதித்துப் பிடிக்கப் பழகுநரை இருத்திவிட்டு, காய்ந்த கடதாசியால் ஒவ்வொரு நட்டையும் துடைத்துப் பார்த்தேன். இரவு விட்டு, காலையில் திரும்பவும் துடைத்துப் பார்த்தேன். கடதாசி காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் வீதிக்கு எடுத்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது தம்பிக்கு மூன்று காரியம் சொன்னேன். குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளில் அடியைக் கழுவ வேண்டும், குளிர் தொடங்குமுன் அடிக்கு ஒயில் அடிக்க வேண்டும், முன்பக்க லைன்களும் அதே வயதுதான் என்பதை மறக்கக்கூடாது.

“முன்பக்கத்தை வசந்தத்தில செய்வம் அண்ணை, இப்ப கையில காசில்ல.”

முன்லைன்களையும் கிளிப் திறந்து சுரண்டிப் பார்த்திருந்தேன், உலோகம் பளபளத்தது. ஆகவே ஒத்துக்கொண்டேன். ஒக்ரோபரில் ஒயில் அடிக்கக் கொண்டுவந்தான். மூடிகளைக் கழற்றி மண்ணைத் தட்டி, பின்லைன் நட்டுகளில் கிறீஸை வழித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் லேசாக வெள்ளை பூத்திருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் பூசி, முன்லைனுக்கு வேண்டிய நீளத்தை அளந்து வேலைத்தாளில் எழுதி வைத்தேன்.